படத்தில் இல்லாதவர்கள்

பிரிக்பீல்ட்ஸ்
20 ஜூன் 1943, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இராஜம்மா எழுதுகிறேன். சித்திரைப் புத்தாண்டுக்குக் கிள்ளான் வந்திருந்தபோது, "வேலைய விட்டுட்டு எங்களோட வந்து இருக்க மாட்டேன்னா இனி கடுதாசியும் போடாத" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை மீறி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். காகிதம் கிடைக்காத காலத்தில் இப்படிக் கிழித்துக்கொண்டே இருக்க முடியாது என்பதால் மூன்றாவதை அனுப்புகிறேன்.

தபாலில் போட்டால் யாராவது பிரித்துப் படிப்பார்கள். அதனால் சின்னையா அண்ணன் கையில் கொடுத்திருக்கிறேன். அவர் இப்போதும் கிள்ளான் வண்டியில்தான் என்ஜின் ஓட்டுகிறார். இங்கே நான் சௌக்கியம். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் நானே கற்றுக்கொண்ட சப்பான் எழுத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மதராஸில் நான் படித்த சரித்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மாரியாயி அக்கா வீட்டின் முன்னறை எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

நான் எழுதுவது ஒரு படத்துக்காக. போன வருடம் அம்மாவும் தங்கமணியும் உங்களிடம் வந்தபோது, இங்கே சப்பான்காரர்கள் வீடு வீடாக இங்கிலீஷ் புத்தகம் தேடிக்கொண்டிருந்தார்கள். காலேஜில் எனக்குப் பரிசாகக் கொடுத்த சரித்திரப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன். அதிலிருந்த ஒரு வண்ணப் படத்தை மட்டும் போட மனம் வராமல் தங்கமணியின் பாவாடைக்குள் மடித்து வைத்து அனுப்பினேன். கண்ணைக் கட்டிய ஒரு இளம் பெண், வெள்ளை உடையில். அதைத் திருப்பி அனுப்ப முடியுமா?

இன்னொன்று. நேற்று சின்னையா அண்ணன் வாசலில் நின்று, "என்னம்மா, தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் கிளம்பலயா? மாப்பிள லோரியில வந்து எறங்குறாரு, நீ இங்க சிலேட்டு தொடச்சிக்கிட்டு இருக்க!" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மாப்பிள்ளை பெயர் நாகையா என்றார். சயாமில் சப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் காண்ட்ராக்டர் நாகையாவா? அவரை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தங்கமணிக்குப் பதினாறு.

சின்னையா அண்ணன் தவறாகக் கேள்விப்பட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
இராஜம்மா


கிள்ளான்
23-6-2603

இராஜம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்து ஆபீஸ் பழக்கத்தில் தேதியைச் சப்பான் வருடக் கணக்கில் போட்டிருக்கிறேன். படத்துக்காக எழுதியதாகச் சொல்கிறாய். அது எதற்காக எழுதப்பட்டது என்று புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் புரிகிறது.

கல்யாணம் உண்மை. ஆனியின் கடைசி முகூர்த்தம், ஜூலை 14, புதன்கிழமை காலை. அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் அம்மா தாலியைக் கண்ணால் பார்க்கவும் சம்மதிக்க மாட்டாள். ஆவணி வரை நாகையா பொறுக்க மாட்டார். அப்பா இல்லாத வீட்டில் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்கப்போகிறேன்.

உனக்குச் சொல்லாதது தப்பு என்பாய். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று உனக்குத் தெரியுமா? தங்கமணியின் தலைமுடியை அம்மா ஒட்ட வெட்டிவிட்டாள். என்னுடைய பழைய கால்சட்டையைப் போட்டிருக்கிறாள். தூரத்தில் லோரிச் சத்தம் கேட்டால் அட்டத்தில் ஏறிப் படுத்துக்கொள்வாள். பதினாறு வயதுப் பெண்ணை எத்தனை நாள் பரண்மேல் வைத்துக் காப்பாற்றுவது? கழுத்தில் தாலி ஏறிவிட்டால், அதுவும் நாகையா கட்டிய தாலி என்றால், சப்பான்காரன்கூட வாசலோடு நின்றுவிடுவான். அந்த மனிதரின் வயதை நீ எண்ணுகிறாய். நான் அவர் வீட்டுக் கதவின் பலத்தைப் பார்க்கிறேன்.

படத்தைத் தர முடியாது. அது இப்போது சாமி.

சிரிக்காதே. வைகாசியில் கூரை ஒழுகி, அம்மா பெட்டியைக் காயவைக்கும்போது அந்தப் படம் கிடைத்தது. "யாருடி இது, கண்ணக் கட்டிக்கிட்டு?" என்று கேட்டாள். தங்கமணி, "ராணிம்மா. சின்ன வயசுலயே வெட்டிட்டாங்களாம், அக்கா சொல்லுச்சி" என்றாள். அம்மா உடனே, "அப்ப இவ கன்னிடி! வாழாமப் போனவள தரையில போட்டு மிதிக்கலாமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம் வீட்டில் அத்தை ஒருத்தி சின்ன வயதில் இறந்ததற்கு அப்பா வருடா வருடம் பாவாடை வைத்துக் கும்பிடுவாரே, அந்தக் கணக்கில் இவளையும் சேர்த்துவிட்டாள். என் சவரக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் படத்தை மாட்டி, பொட்டு வைத்து, செம்பருத்தி சாத்திவிட்டாள். இப்போது நான் சட்டமில்லாத கண்ணாடியில் சவரம் செய்கிறேன்.

தோட்டத்து லய வீடுகளிலிருந்து பெண்கள் வருகிறார்கள். புருஷன் சயாமுக்குப் போனவர்கள். "கண்ணுகட்டி ஆத்தா" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கங்காணி, தோட்டக் கணக்கு எழுதும் என்னிடம் வந்து, "என்ன கிராணி, வெள்ளக்காரிக்குப் பூச பண்றீங்களாமே, சப்பான்காரன் பாத்தா தலயச் சீவிருவான்லா" என்றான். அம்மா உள்ளேயிருந்தே, "அவ தலயத்தான் ஏற்கெனவே சீவிட்டாங்களே, இன்னும் எதச் சீவ?" என்று கேட்டாள். அவன் போய்விட்டான்.

வைகாசியின் கடைசி வெள்ளிக்கிழமை அம்மா வெள்ளைத் துணி சாத்தி, தங்கமணிக்கு ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமையே நாகையா பெண் கேட்டு வந்தார். கன்னி கொண்டுவந்த மாப்பிள்ளை என்று அம்மா நம்புகிறாள். அவள் நம்பிக்கையைக் கெடுக்கும்படி எதுவும் எழுதாதே.

12ஆம் தேதி வந்து சேர். நல்ல புடவை இருந்தால் எடுத்து வா.

ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
27 ஜூன் 1943

அன்புள்ள அண்ணனுக்கு,

படம் அங்கேயே இருக்கட்டும். ஆனால் கும்பிடுகிறவர்கள் யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்குத் தைரியம் இருந்தால்.

நேரில் எனக்குப் பேச வராது. வகுப்பில்கூட என் குரல் கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் பெயர் ஜேன். இங்கிலாந்தில் முந்நூற்றுத் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் இருந்தாள். வீட்டில் எல்லாரும் வேட்டைக்குப் போய்விட்டால் இவள் மட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாளாம். அந்த நாட்டு ராஜா சாகக் கிடந்தான். ராஜாவின் பெயரால் ஆண்டுகொண்டிருந்த ஒரு பிரபுவுக்குத் தன் கையிலிருந்து எல்லாம் போய்விடுமே என்று பயம். ஜேனின் உடம்பில் அரச ரத்தம் கொஞ்சம் இருந்தது. அதற்காகத் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைத்தார். அவள் மாட்டேன் என்றதாகவும் அடித்து இணங்க வைத்ததாகவும் சொல்கிறார்கள். சில வாரத்தில் ராஜா இறந்தான். நீதான் ராணி என்றார்கள். அவள் விழுந்து அழுதாள். உரிமைக்காரி வேறு ஒருத்தி இருக்கிறாள், எனக்கு வேண்டாம் என்றாள். பெற்றவர்களும் மாமனாரும் புருஷனும் சுற்றி நின்றார்கள். எல்லாம் உன் நன்மைக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒன்பது நாள் ராணியாக இருந்தாள். உரிமைக்காரி படையோடு வருகிறாள் என்று கேட்டதும், தெருவில் நின்று தொப்பியைக் கழற்றி வீசிப் புது ராணிக்கு ஜே போட்டார் அந்த மாமனார். பெற்ற அப்பாவும் அதையே செய்தார். அப்பாவுக்கு மன்னிப்புக்கூடக் கிடைத்தது. கொஞ்ச நாளில் அவர் மறுபடியும் ஒரு கலகத்தில் சேர்ந்தார். அதற்குப் பிறகு மகளை உயிரோடு வைத்திருப்பது ஆபத்து என்று வெட்டிவிட்டார்கள். அவளுக்குப் பதினாறோ பதினேழோ வயது.

இப்போது படத்தைப் பாருங்கள். அவள் இறந்து ஏறக்குறைய இருநூற்று எண்பது வருடம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்தது. உண்மையில் அவள் கறுப்பு உடுத்தியிருந்தாள். எல்லாம் திறந்த வெளியில் நடந்தது. ஓவியர் அவளை இருட்டு மண்டபத்துக்குள் கொண்டுவந்து, பார்க்கிறவர்கள் அழ வேண்டும் என்பதற்காக வெள்ளைப் பட்டு உடுத்திவிட்டார். இடது பக்கம் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி மயங்கிச் சாய்ந்திருக்கிறாள், ஒருத்தி சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வலது பக்கம் கோடாலியோடு நிற்கிறானே, அவன் முகத்திலும் கலக்கம்தான். கண்கட்டோடு, தலை வைக்க வேண்டிய கட்டையைத் தேடித் துழாவுகிற அவள் கைக்குத் துணையாக, பின்னால் ஒரு பெரியவர் குனிந்து நிற்கிறார். அவர் அவளை எவ்வளவு பதமாக நடத்துகிறார் என்று பாருங்கள். நடக்கப் பழகும் குழந்தையைப் பிடித்திருப்பதுபோல.

காலேஜில் இந்தப் படத்தைக் காட்டியபோது எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அந்தப் படத்தில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். அப்படியானால் அவளை அங்கே கொண்டுவந்தது யார்? மாமனார் எங்கே? பெற்றவர்கள் எங்கே? அவர்களை வரையவில்லை. வெட்டுகிற இடத்துக்கு அவர்கள் வருவதில்லை.

பிறகு அம்மா வந்து பொட்டு வைக்கிறாள். உயிரோடு இருக்கும்போது உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்த பிறகு அவளிடம் எல்லாரும் வரம் கேட்கிறார்கள். அதிலும் அம்மா கேட்ட வரத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணை எது கொன்றதோ அதையே தன் மகளுக்குக் கொடு என்று அவளிடமே கேட்டிருக்கிறாள்.

அண்ணா, கதவின் பலம் என்று எழுதியிருந்தீர்கள். சின்னையா அண்ணன் வேறு ஒன்று சொன்னார். சயாமுக்குப் போகும் பட்டியலில் உங்கள் தோட்டத்திலிருந்து நாற்பது பேர் இருந்தார்களாம். அதில் கிராணி ரெங்கசாமி என்று ஒரு பெயரும் இருந்ததாம். போன வாரம் அந்தப் பெயரை அடித்துவிட்டார்களாம்.

அது உண்மையா என்று மட்டும் எழுதுங்கள்.

இராஜம்மா


கிள்ளான்
1-7-2603

இராஜம்மாவுக்கு,

உண்மை.

என் பெயர் இருந்தது. பட்டியலை எழுதியவனே நான்தான். முப்பத்தொன்பது பெயர் எழுதிக் கொடுத்தேன். நாற்பதாவதாக என் பெயரை நாகையா தன் கையால் எழுதினார். "என்ன கிராணி, ஆள் ஒண்ணு கொறயுதே" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். முந்தைய பட்டியல்களில் போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வந்ததில்லை. உன் கண்ணுகட்டி ஆத்தாவிடம் வந்து அழுகிற பெண்களின் புருஷன்கள் பெயரையும் நான்தான் எழுதினேன். இதையும் உன் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்.

நான் போய்விட்டால் அம்மாவுக்கு யார்? தங்கமணிக்கு யார்? நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிற நீயா?

அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னாய். காட்டவில்லை. எனக்கு நானே நான்கு தடவை வாசித்தேன். நல்ல நடை. படிக்க வைத்த காசு வீண் போகவில்லை. அப்பா தண்டவாளத்தில் கால் நசுங்கிப் படுத்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஒருவர் படிக்கலாம் என்றார்கள். கான்வென்ட் சிஸ்டர்மார் உனக்கு உதவித்தொகை தருகிறோம் என்றார்கள். நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். எனக்கு முப்பது வயதாகிறது. உன் படிப்பு முடியட்டும், உனக்கு ஒரு இடம் அமையட்டும் என்று இன்னும் ஒற்றை ஆளாக இருக்கிறேன். உன்னிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாகையா முதலில் கேட்டது தங்கமணியை இல்லை. உன்னைத்தான். சித்திரைக் கடைசியில் வந்தார். "ஒங்க டீச்சர் தங்கச்சிக்கு நிப்போங்கோ பேசத் தெரியுமாமே, சப்பான்காரன்கிட்ட எனக்குப் பக்கத்துல நின்னு பேச ஆள் வேணும்" என்றார். நான் முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். "அது காலேஜ் படிச்ச பொண்ணு, நாங்க சொன்னாக் கேக்காது" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே பட்டியலில் என் பெயர் ஏறியது. வைகாசிக் கடைசியில் மறுபடியும் வந்து, "சரி, பெரியவ வேணாம், சின்னவளக் குடுங்க" என்றார்.

வீட்டில் ஒரு சின்னவள் இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் வரும்போதெல்லாம் அவள் அட்டத்தில் இருந்தாள். தோட்டத்தில் எந்த நாய் காட்டிக்கொடுத்ததோ.

உன்னைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

12ஆம் தேதி நீ வர வேண்டாம்.

ரெங்கசாமி


கிள்ளான்
6-7-2603

இராஜம்மாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. சின்னையாவைக் கேட்டேன். "கடுதாசியக் குடுத்தேன், வாங்கி ரவிக்கயில சொருகிக்கிட்டு உள்ள போயிருச்சி" என்றார். வர வேண்டாம் என்று கோபத்தில் எழுதிவிட்டேன். அதை எடுத்துக்கொள்ளாதே.

நேற்று ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது.

மதியம் சாப்பிட வந்தேன். தங்கமணி ஒரு துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். கையை முன்னால் நீட்டி, கதவு நிலை, அடுப்பு மேடை, தண்ணீர்ப் பானை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு. அந்தப் படத்தைப் பார்த்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "என்னடி, ராணி வேஷமா?" என்றேன்.

"இல்லண்ணே. கண்ணப் பொத்திக்கிட்டே எல்லா வேலயும் செஞ்சிட முடியுமான்னு பாக்குறேன். அவுரு மொகத்தப் பாக்காம இருக்கப் பழகிக்கிட்டா அப்புறம் கஷ்டம் இருக்காதுல்ல?" என்றாள்.

அழவில்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். பிறகு, கண்கட்டை அவிழ்க்காமலே சோறு போட்டாள். மரவள்ளிக்கிழங்குதான். ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை.

தட்டை எடுக்க வந்தபோது தடுமாறினாள். என்னை அறியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அந்தப் பெரியவர்.

நான் என்ன செய்வது, ராஜம்மா. உனக்குக் கேட்கத் தெரிகிறது. வழி சொல்லத் தெரியுமா?

ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூலை 1943, வெள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஜூலை ஒன்றாம் தேதி எழுதியதற்கு நான் எட்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத முடியவில்லை.

தோட்டத்தில் எந்த நாயும் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை, நாகையா இங்கே வந்தார். அவர் உங்களிடம் வந்து கேட்டிருந்தது எனக்குத் தெரியாது. மாரியாயி அக்கா பாசாருக்குப் போயிருந்தாள். வாசலில் நின்றபடியே, "என்ன டீச்சரம்மா, வெள்ளக்காரன் போயிட்டான், ஒங்க பி.ஏ.வ இனி என்ன பண்ணப்போறீங்க? ஊறுகா போடவா?" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கையில் வளையல் இருக்கிறதா என்று பார்த்தார். வயது கேட்டார். எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முடியாது, போங்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடம் மதராஸில் படித்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவர் போனால் போதும் என்று இருந்தது.

"வீட்டுல வேற யாரும் இல்லியா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "தங்கச்சி இருக்கா. கிள்ளான்ல, அண்ணன் வீட்ல. என்னவிட நல்லாச் சமைப்பா."

அவர் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அதன் பிறகு உங்களுக்கு எப்படிக் கடிதம் எழுதினேன் பாருங்கள். அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்று ஒரு வரி. மற்றதெல்லாம் ஜேன், அவள் மாமனார், அவள் அப்பா. படத்தில் இல்லாதவர்கள் எங்கே என்று உங்களை அதட்டிக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவளும் படத்தில் இல்லை. என் மேல் வந்த கோபத்தையெல்லாம் தூக்கி உங்கள் மேல் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்ததால் நீங்கள் செய்யப்போவது சரியாகிவிடாது.

புதன்கிழமை இரவு வேறு ஒரு கடிதம் எழுதினேன். அவர் முதலில் கேட்டது என்னைத்தானே, என்னையே கொடுத்துவிடுங்கள் என்று. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே மனம் உருகியது. அதனால்தான் கிழித்தேன். என்னையும் ஒரு சட்டத்தில் மாட்டிப் பொட்டு வைப்பீர்கள். லயத்துப் பெண்கள் வந்து விளக்கு ஏற்றுவார்கள். நாகையா மட்டும் அப்படியே இருப்பார். வேண்டாம். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைக்கூட அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

வழி கேட்டீர்கள். சின்னையா அண்ணனிடம் போய்ப் பேசினேன். அவர் வீட்டுக்கு நானாகப் போனது இதுதான் முதல் தடவை. அவர் என்ஜினில் கரி போட்டுக்கொண்டிருந்த ஆள் காய்ச்சலில் விழுந்துவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. ரயில்வேப் பட்டையைக் கையில் கட்டியவர்களை இப்போதைக்குச் சயாமுக்குப் பிடிப்பதில்லையாம், வண்டி ஓட ஆள் வேண்டுமே. "இப்போதைக்கு" என்ற வார்த்தையை அவர் இரண்டு முறை சொன்னார். அதை மறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். "ஒங்க அண்ணன் சட்டயில பேனா சொருகிக்கிட்டுத் திரியுற ஆளாச்சே, கரி அள்ளுவானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

உங்கள் கையில் கரி படக் கூடாது என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கிராணி என்று உங்களை நான்கு பேர் கூப்பிடுவதைக் கேட்க அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். அதை விடச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் அந்தப் பேனாவால்தான் முப்பத்தொன்பது பெயரை எழுதினீர்கள். இந்த மாதமோ அடுத்த மாதமோ மறுபடியும் எழுதச் சொல்வார்கள்.

13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சின்னையா அண்ணன் கிள்ளானிலிருந்து காலை வண்டியை எடுக்கிறார். கடைசிப் பெட்டியில் இடம் வைத்திருப்பார். அம்மாவையும் தங்கமணியையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். கேட்பவர்களிடம், கல்யாணத்துக்கு முன்னால் அக்காவை அழைக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். புதன்கிழமை முகூர்த்தத்தில் தாரை வார்க்க நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. சனிக்கிழமை ஆடி பிறக்கிறது. பிறகு ஒரு மாதம் அம்மாவே யாரையும் பேச விடமாட்டாள். அந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் கையில் பட்டை ஏறிவிடும். நாகையா இங்கே வந்தால் இந்தத் தடவை கதவைத் திறந்து நான் பேசுகிறேன். குரல் நடுங்கும். பரவாயில்லை.

மாரியாயி அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நாலு பேரும் காலு நீட்டிப் படுக்க முடியாது, மடக்கிப் படுக்கலாம், வரச் சொல்லு" என்றாள்.

இது வரைக்கும் எழுதியதெல்லாம் உங்களால் முடிந்தால் செய்யுங்கள் என்று சொல்லக்கூடியவை. ஒன்றை மட்டும் கடைசி வரை எழுதாமல் வைத்திருந்தேன், எழுதினால் நீங்கள் என்னை எப்படி நினைப்பீர்களோ என்று.

நாகையாவிடம் அவளைப் பற்றிச் சொன்னது யார் என்று தங்கமணிக்கு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வழியில் அவள் கேட்டாலும் சொல்ல வேண்டாம். அதை நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகவாவது அவளை இங்கே கொண்டுவந்து சேருங்கள், அண்ணா.

இராஜம்மா